நீ எழுதிவைத்த ஐந்து கேள்விகள்

இன்று காலை ஒரு புது வேலையைத் தொடங்க உட்கார்ந்தேன். திண்டிவனத்தில் திறக்கப்போகும் டயாலிசிஸ் மையம் ஒன்று எங்களிடம் ஒரு மென்பொருள் கேட்டிருக்கிறது. யாருக்கு எந்த நாள், எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று அது பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய நாளே நோயாளியின் கைபேசிக்கு ஒரு செய்தி போக வேண்டும். கருப்புத் திரையில் வழக்கமான கட்டளையைத் தட்டினேன். நீ செய்துவைத்த டெம்ப்ளேட் உன் பேச்சிலேயே கேட்டது: "இன்னா பேரு வைக்கிறது?"

எத்தனையோ முறை பார்த்த கேள்விதான். இன்றைக்கு விரல் நகரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வருகிறவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாக்கா, கம்ப்யூட்டரு நம்ம ஊரு ஆளு மாதிரியே கேக்குது. யாரு எழுதனது?"

கூட வேலை செய்தவள் என்றேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். காணையில் என்றேன். அது பொய்யில்லை. உன்னை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவர் டீ குடிக்கக் கீழே போன பிறகு, திறந்த திரையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பாத்திரக்கடைக்கு மேலே முதல் மாடி. முதலாளியைச் சேர்த்து நான்கு பேர். நான் கிளியனூரிலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் வருவேன். நீ காணையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய். நான் படியேறி வரும்போது நீ எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருப்பாய். உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நீ. உன் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தார். எங்கள் வீட்டில் சொந்த நிலம், மல்லாட்டை என்று நாம் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். இதெல்லாம் பைத்தான் மொழியில் நிரல் எழுதும்போது நமக்கு நடுவில் வந்ததே இல்லை. வராது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் வேலைகள் சின்னவை. நர்சிங் கல்லூரிக்கு வருகைப் பதிவு, அரிசி ஆலைக்கு மூட்டைக் கணக்கு, இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் அச்சடிப்பது. ஒவ்வொரு புது வேலைக்கும் போன வேலையின் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, பழைய பெயர் இருக்கும் இடமெல்லாம் தேடித் தேடிப் புதுப் பெயரை எழுதுவோம். அதற்கே இரண்டு நாள் போகும். அலுப்பான வேலை. அலுப்பில்தான் கண் தவறும்.

எனக்குத் தவறியது. கண்டாச்சிபுரத்தில் ஒரு பரிசோதனை நிலையம் திறந்தார்கள். விழுப்புரத்து நிலையம் ஒன்றுக்குச் செய்ததை நகல் எடுத்து நான்தான் மாற்றிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டின் தலைப்பு சரியாக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் வரும் பெயரும் போன் நம்பரும் வேறொரு கோப்பில் இருந்தன; அதை நான் பார்க்கவில்லை. மூன்று நாள் அப்படியே அச்சாகிப் போனது. ஒரு பெரியவர் தன் சர்க்கரை ரிப்போர்ட்டில் ஏதோ புரியாமல், அடியில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஏறி விழுப்புரம் வந்து அங்கே காத்திருந்து, உங்கள் இரத்தத்தை நாங்கள் எடுக்கவே இல்லையே என்று அவர்கள் சொன்னதும் அந்த மனிதர் பயந்துபோய்விட்டார். யாருடைய இரத்தம் யாருடைய காகிதத்தில் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நிலையத்துக்காரர் நேரில் வந்து சத்தம் போட்டார். முதலாளி சார் என்னைப் பார்த்தார். நீ எழுந்து, "ரெண்டு பேருந்தான் சார் பாத்தோம்" என்றாய். நீ அந்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "நீ மறக்கலடி. மறக்கறமாதிரி வேலைய வெச்சிக்கினு கீறோம்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாய். புதுத் திட்டங்களை டெம்ப்ளேட்டிலிருந்து உருவாக்கும் கருவி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் விளக்கத்தை டவுன் பஸ்ஸில் வரும்போதே படித்து முடித்திருந்தாய். சாருக்குப் புரியவில்லை. நீ உன் அம்மாவின் வேலையை வைத்து அவருக்கு விளக்கினாய். சூளையில் கல்லறுக்கிறவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக அச்சு செய்வதில்லை. அச்சு ஒன்றுதான், மண்ணைத்தான் மாற்றி மாற்றி அடைப்பார்கள். நமக்கும் ஒரு அச்சு. பெயர் வருகிற இடமெல்லாம் அதில் காலியாக இருக்கும். கருவி நம்மிடம் கேள்வி கேட்கும். பதில் சொன்னால் எல்லாக் காலி இடத்தையும் அதுவே நிரப்பி, கோப்புகளை அடுக்கி, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் எழுதி, முழு ஃபோல்டரையும் கொடுத்துவிடும். "மனுசன் தேட வேண்டியதில்ல சார். தேடனாதான் உட்டுடுவோம்" என்றாய்.

எத்தனை கேள்வி என்பதில் நமக்குச் சண்டை. நான் இருபத்திரண்டு எழுதிக்கொண்டு வந்தேன். நீ ஒவ்வொன்றாக அடித்து ஐந்துக்குக் கொண்டுவந்தாய். இன்னா பேரு வைக்கிறது? யாருக்குச் செய்யறோம்? இது இன்னா வேலை செய்யும், ஒரே வரியில சொல்லு. ரிப்போர்ட்டு தமிழ்லயா இங்கிலீஷ்லயா? எழுதறது யாரு? ஆங்கிலத்தில் எழுதினால்தானே அழகு என்று நான் சொன்னதற்கு, கேட்பது நம் ஆபீஸ் ஆள், பதில் சொல்வதும் நம் ஆபீஸ் ஆள், நடுவில் எதற்கு இங்கிலீஷ்காரன் என்று கேட்டாய். முதன்முதலாக அதை ஓட்டிய அன்று, ஐந்து பதில் தட்டி முடிப்பதற்குள் ஃபோல்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே தேடினோம். வேறு யார் பெயரும் எங்கேயும் இல்லை. நீ நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாய். அப்போதுதான் பார்த்தேன், உன் செருப்பின் வார் பாதத்தில் அழுந்தியிருந்தது. இரண்டு காலும் வீங்கியிருந்தன.

பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதால் என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன். அடுத்த மாதம் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். முகம் வீங்கிக்கொண்டே போனது. நாம் ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுத்த நிலையங்களில் ஒன்றில்தான் உனக்கும் இரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்று ஒரு வரி. அந்த வரியை அச்சடிக்கும் நிரலை எழுதியதே நீதான். அளவுக்கு மேலே போனால் எண் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்று செய்துவைத்திருந்தாய். உன் காகிதத்தில் அது தடித்த எழுத்தில் வந்தது. "நல்லாதான் வேல செய்யுது" என்று சொல்லி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய்.

இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். அரசு மருத்துவமனையில் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டில் சிறு அறுவை செய்து இரத்தக்குழாய்களை இணைத்துவைத்தார்கள். தொட்டுப் பார் என்று என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தாய். உள்ளே கம்பி அதிர்வதுபோல் இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். மல்லாட்டை கூடவே கூடாது. எங்கள் கொல்லையில் பிடுங்கும் காலத்தில் நான் அவித்து எடுத்துவரும் பையை முதலில் நீதான் பிரிப்பாய். அந்த வருஷம் ஒரே ஒரு காயை உரித்து, ஒரு பருப்பை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, அதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாய்.

நீ வேலையை விடவில்லை. சாரும் போகச் சொல்லவில்லை. டயாலிசிஸ் நாட்களில் மதியம் நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வருவேன். வார்டு சிஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார். நான்கு மணி நேரம் இடது கையை அசைக்காமல் நீட்டி வைத்திருக்க வேண்டும். வலது கை ஒன்றால் தட்டுவாய். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து ஒன்று போட ஒரே கையால் இரண்டு பொத்தானை அழுத்த வேண்டும். சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் விரித்துப் பிடிப்பதற்குள் உனக்குச் சலிப்பு வந்துவிடும். அப்படித்தான் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே ஒரு பதில் வந்து உட்கார்ந்தது. சரியென்றால் என்டர் மட்டும் தட்டினால் போதும். பெயரைச் சொன்னால் ஃபோல்டரின் பெயரை அதுவே ஊகிக்கும். ரிப்போர்ட் தமிழில்தான் என்று அதுவே நினைத்துக்கொள்ளும். எழுதறது யாரு என்ற கேள்விக்கு உன் பெயரைப் போட்டுக்கொண்டாய். உனக்குத் தட்டுகிற வேலை மிச்சம் என்பதற்காக. வேறு ஒன்றுமில்லை.

மெஷின் அடிக்கடி கீச்சென்று கத்தும். நான் திடுக்கிட்டுச் சிஸ்டரைத் தேடுவேன். "அது சும்மா கத்தும். நீ என் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்காத. ஸ்கிரீனப் பாரு" என்பாய். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உன் இரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வந்தது. நான் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாற்று சிறுநீரகம் வேண்டும் என்றார்கள். உன் அம்மாவுக்குச் சர்க்கரை, அவரிடம் எடுக்க முடியாது. உன் அப்பா முன்பே போய்விட்டார். தங்கை அப்போது மாசமாக இருந்தாள். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான பட்டியலில் உன் பெயரைப் பதிந்தார்கள். அந்தப் பட்டியல் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் இரத்தம் ஓ வகை. உன்னுடையது எதுவாக இருந்தாலும் என் சிறுநீரகத்தைக் கொடுக்க அது தடையில்லை என்று படித்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை உன் வார்டிலிருந்து இறங்கி வந்து, அதற்கென்று இருக்கும் அலுவலரைப் பார்த்தேன். பொறுமையாகச் சொன்னார். முதலில் அவர் கேட்டது, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்பதுதான். சிநேகிதி என்றேன். இரத்த உறவு இல்லாதவர்களும் அன்பின்பேரில் கொடுக்கலாம். ஆனால் ஒரு குழு விசாரிக்கும், காகிதங்கள் வேண்டும், உங்கள் வீட்டாரையும் அழைத்துக் கேட்பார்கள் என்றார். அம்மா அப்பாவைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அப்பா கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உதறுவதை நிறுத்தவில்லை.

"எந்த ஊரு?"

"காணைப்பா."

"காணையில எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவர் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்தான். "அவங்கள்ல ஆளே இல்லியா?"

நான் அவர் வைத்த செடியை எடுத்து மண்ணை உதறினேன். அவர் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "கல்யாணம் ஆவவேண்டிய பொண்ணு நீ. கையெழுத்துக்குன்னு நான் எங்கியும் வரமாட்டேன்" என்றார். அம்மா இரண்டு நாள் சோறு சாப்பிடாமல் படுத்துக்கிடந்தார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவர்கள் இல்லாமலே போய் மனுக் கொடுத்திருக்கலாம், குழுவின் முன் நின்று பேசிப் பார்த்திருக்கலாம். அந்த அலுவலர் அந்தக் கதவை மூடவில்லை. நான் போகவில்லை. இந்த வரியை முதலில் 'போக முடியவில்லை' என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறேன்.

அதன்பிறகு இரண்டு வாரம் உன்னிடம் வரும்போதெல்லாம் திரையைத்தான் பார்த்தேன். நீ முன்பு சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் செய்தேன், ஆனால் வேறு காரணத்துக்காக. செய்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று டெம்ப்ளேட்டில் ஆறாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன், எந்த நேர மண்டலம் என்று. நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். சிரித்தால் இருமல் வரும் உனக்கு அப்போது. "விழுப்புரம் ஜில்லாவுல எத்தினி டைம்டி கீது?" என்றாய். பிறகு இருமல் அடங்கியதும், "மாறாதத கேள்வியாக் கேக்காத. பதில் சொல்றவங்களுக்குக் கஷ்டம்" என்றாய். நான் அந்த வரியை அழித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

பிறகு அந்த மழை வந்தது. வெள்ளிக்கிழமை பிடித்தது நிற்கவில்லை. சனிக்கிழமை உன்னால் டயாலிசிஸுக்கு வர முடியவில்லை, பஸ் ஓடவில்லை. ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது, திங்கட்கிழமை போய்க்கொள்கிறேன் என்று போனில் சொன்னாய். ஞாயிறு காலை உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விழுப்புரம் போகும் சாலையில் பாலத்துக்கு மேலே தண்ணீர். பத்து மணிக்கு நீயே கூப்பிட்டாய்.

"படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தா பரவால்ல. பெஞ்சு மேல உக்காந்துக்கினு கீறேன்."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னியா?"

"சொன்னோம். தண்ணி வடிஞ்சாதான் வண்டி வரும்னாங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க. போன்ல சார்ஜு கம்மியா கீது, வெச்சிர்றேன். வர்றேன்டி."

நீ எப்போதும் போனை வைக்கும்போது போறேன் என்று சொன்னதில்லை, வர்றேன் என்றுதான் சொல்வாய்.

நான் தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்தேன். சாரும் அடித்தார். எடுத்தவர்கள் எல்லோரும் பொறுமையாகக் கேட்டு ஊர் பெயரை எழுதிக்கொண்டார்கள். படகு வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அவர்களுக்கு அன்று நூறு ஊர். ரயில் ஓடவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, டிராக்டரை எடுத்தார். "ஏறு" என்றார்.

சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். வழியெல்லாம் லாரிகள் நின்றிருந்தன. விக்கிரவாண்டிக்கு முன்பே சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு கட்டி எல்லோரையும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா இறங்கிப் போய் அவர்களிடம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கையை உயர்த்தி, தெற்கே காட்டி, வெகுநேரம் பேசினார். ஒரு கட்டத்தில் கும்பிட்டார். அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, "நாளிக்கு வடிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லி வண்டியைத் திருப்பினார்.

அவரை வெறுக்கத் தயாராக இருந்தேன். அந்தத் தகரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது அதற்கும் எனக்கு வலுவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் உன் போன் அணைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் உங்கள் தெரு ஆண்கள் நான்கு பேர் உன்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்திருக்கிறார்கள். படுக்க வைக்க முடியவில்லை, ஒருவர் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டே நடந்தார் என்று பிறகு உன் தங்கை சொன்னாள். ஒரு பால் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மெஷினை மாட்டினார்கள். அரை மணி நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. நான் பாதித் தூரம் வண்டியிலும் மீதித் தூரம் சேற்றில் நடந்தும் வந்து சேர்ந்தபோது, உன் அம்மா வராந்தாவில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் காணைக்கு வந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்பு உயரத்தில் இருந்தது. உன் அம்மா எனக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன். அம்மா, நான் கொடுத்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டார்.

"தெரியும் கண்ணு. நான்தான் அவளக் கேட்டேன், அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த கேளேன்னு. அவ சொன்னா, 'அவ அவங்க வீட்ல கேட்டுட்டாம்மா. அவங்க ஒத்துக்கல. அதான் ரெண்டு வாரமா என் மூஞ்சியப் பாக்காமப் பேசறா. நீ ஒண்ணும் கேட்டுடாத, தாங்கமாட்டா'ன்னா."

சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ தெரிந்துகொண்டுதான் சிரித்திருக்கிறாய். தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறாய். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் கை நீட்டிக் கிடந்தபடி, எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். மன்னித்துவிடு என்று நான் கேட்கவே இல்லை; கேட்காமலே நீ முடித்துவைத்துவிட்டாய். பதிலுக்கு நான் செய்ய ஒன்றையும் நீ விட்டுவைக்கவில்லை. "சாப்புடும்மா" என்றார் உன் அம்மா. சாப்பிட்டேன்.

ஆபீஸில் யாரும் டெம்ப்ளேட்டைத் தொடவில்லை. அவசரத்தில் எல்லோரும் என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே போவார்கள். அதனால் நீ போன பிறகும் புதிதாக உருவான வேலைகள் எல்லாவற்றிலும், எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரே வந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு கல்லூரிக்காரர் அந்தப் பெயரைச் சொல்லி, அவரோடு பேச வேண்டும் என்று போன் செய்தார். சார் என்னைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார், அந்த இடத்தில் ஆபீஸ் பெயரைப் போட்டுவிடலாமா என்று; என்னால் முடியாவிட்டால் வேறு யாரையாவது செய்யச் சொல்வதாக. நானே செய்கிறேன் என்றேன். ஒரே வரி. உன் பெயரை எடுத்தேன், ஆபீஸ் பெயரை எழுதினேன், சோதனைகளை ஓட்டினேன். தவறில்லை என்று எல்லாம் பச்சையாக வந்தது. ஒன்றாவது தவறும், ஏதாவது உடையும், அதைச் சாக்காக வைத்து உன் பெயரைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று எதிர்பார்த்தேன். நீ அவ்வளவு சுத்தமாகச் செய்துவைத்திருந்தாய். உன்னை எடுத்தாலும் எதுவும் உடையவில்லை.

அப்பா இப்போதும் உன்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. சார் திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்ததும் நான் இங்கே மாற்றிக்கொண்டேன். காணைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போகிறேன். உன் தங்கையின் பெண் நடக்கிறாள்.

போன மாதம் எனக்கு வயிற்று வலி வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதிய இடைவேளையில் போய் ஸ்கேன் எடுத்தேன். குளிர்ந்த பசையை வயிற்றில் தடவி, ஸ்கேன் டாக்டர் கருவியை அழுத்தி நகர்த்தினார். கல்லீரல் நல்லா இருக்கு, பித்தப்பையில கல் இல்ல என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பிறகு மறுபக்கம் திரும்பச் சொன்னார்.

"கிட்னி ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. நேரத்துக்குச் சாப்பிடாததுதான்."

எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில், ஓரம் வெளுத்து, ஒரு பக்கம் குழிந்து, மூச்சு விடும்போது லேசாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் காட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காட்டினார்.

காகிதத்தால் பசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில். பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று. இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. நன்றாக வேலை செய்கின்றன.